முதல் ஊழியரை ஆன்லைன் குழுக்களில் தேடுவது எப்படி? ஸ்டார்ட்அப் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்டார்ட்அப்பில் முதல் இரண்டு மூன்று பேரைச் சேர்ப்பதுதான் கடினம். உங்கள் நிறுவனத்தின் பெயர் யாருக்கும் தெரியாது. பெரிய நிறுவனங்கள் தரும் சம்பளத்தை உங்களால் தர முடியாது. வேலைவாய்ப்புத் தளத்தில் விளம்பரம் போட்டால் ரெஸ்யூமேக்கள் குவியும். விளம்பரத்தை முழுதாகப் படித்தவர்கள் அதில் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள். அப்போதுதான் யாராவது "குரூப்ல போட்டுப் பாருங்க" என்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் எப்படிப் போடுவது, எங்கே போடுவது, அதற்குப் பிறகு என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. நானும் இதில் நிறையத் தடுமாறித்தான் வழி கண்டுபிடித்தேன். அந்தத் தடுமாற்றம் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் வேலை கேட்டு வருவதற்கு முன்பே, அவர் எப்படி யோசிக்கிறார், மற்றவர்களிடம் எப்படிப் பேசுகிறார் என்று குழுக்களில் பார்க்க முடியும். அங்கே தேடுவதன் பெரிய லாபம் இதுதான். ரெஸ்யூமேயில் இது கிடைக்காது. கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த லாபத்தை வீணாக்காமல் இருப்பதற்காகத்தான்.

1. வேலையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

எந்தக் குழுவிலும் சேர்வதற்கு முன் இதைச் செய்யுங்கள். "எல்லாம் செய்யத் தெரிந்த ஒரு டெவலப்பர் வேண்டும்" என்ற நிலையில் தேடப் போனால் யாரைப் பார்த்தாலும் சரியானவராகத்தான் தெரியும்.

அந்த ஒரு பக்கத்தில் இருக்க வேண்டியவை: இந்த நபர் முதல் 90 நாட்களில் முடிக்க வேண்டிய இரண்டு அல்லது மூன்று வேலைகள், கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியவை, தெரியாவிட்டாலும் சேர்ந்த பின் கற்றுக்கொள்ளக்கூடியவை, முழுநேரமா பகுதிநேரமா, எந்த நேர மண்டலத்தில் எத்தனை மணி நேரம் உங்களோடு சேர்ந்து இருக்க வேண்டும், சம்பள வரம்பு, நிறுவனத்தில் பங்கு (ஷேர்) உண்டா இல்லையா.

கட்டாயப் பட்டியல் ஐந்தைத் தாண்டினால் அடித்துக் குறையுங்கள். முதல் ஊழியருக்கு நீங்கள் எழுதும் நிபந்தனைகளில் பாதி, நீங்கள் முன்பு வேலை பார்த்த பெரிய நிறுவனத்தின் விளம்பரத்திலிருந்து ஞாபகத்தில் ஒட்டிக்கொண்டவையாக இருக்கும்.

2. பணத்தைக் கணக்குப் போடுங்கள்

சம்பளம் மட்டுமே செலவு என்று நினைக்காதீர்கள். சட்டப்படி முதலாளி கட்ட வேண்டிய பங்களிப்புகள், காப்பீடு, லேப்டாப், மென்பொருள் சந்தா என்று சேரும்போது ஒரு ஊழியரின் மொத்தச் செலவு அடிப்படைச் சம்பளத்தைப் போல 1.25 முதல் 1.4 மடங்கு வரை ஆகும் என்பது பரவலாகப் பயன்படும் உத்தேசக் கணக்கு. உங்கள் நாட்டின் விதிப்படி சரியான எண்ணைக் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கையிருப்பை அந்த மொத்த மாதச் செலவால் வகுத்துப் பாருங்கள், மற்ற செலவுகளையும் சேர்த்துத்தான். குறைந்தது 12 மாதம் தாக்குப்பிடிக்காது என்றால் முழுநேர ஆள் தேடாதீர்கள். ஒரு குறிப்பிட்ட வேலைக்கு ஃப்ரீலான்சரை எடுங்கள். ஒருவர் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்து, நான்காவது மாதம் சம்பளம் வராமல் நிற்பது அவருடைய குடும்பத்தைப் பாதிக்கிற விஷயம். அவருக்கு உங்களை அறிமுகப்படுத்தி வைத்த குழுவிலும் உங்களுக்கு அதன்பின் மரியாதை இருக்காது.

இதோடு சில சில்லறைச் செலவுகளும் உண்டு: சோதனை வேலைக்கான கூலி, ஒப்பந்த மாதிரிகளை ஒருமுறை வழக்கறிஞரிடம் காட்டுவதற்கான கட்டணம், சில குழுக்கள் வேலைப் பதிவுக்கு வாங்கும் தொகை. கட்டணம் கேட்கும் குழுவாக இருந்தால், கட்டுவதற்கு முன் அங்கே கடந்த இரண்டு மாதங்களில் வந்த வேலைப் பதிவுகளைப் பாருங்கள். ஒரு கேள்விகூட எழாத பதிவுகளாக வரிசையாக இருந்தால் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

3. குழுவைத் தேர்ந்தெடுங்கள்

குழுக்களில் பல வகை உண்டு. ஒரு நிரலாக்க மொழிக்காகவோ கருவிக்காகவோ உள்ள டிஸ்கார்ட், ஸ்லாக் குழுக்கள், தொழில் சார்ந்த டெலிகிராம், வாட்ஸ்அப் குரூப்கள், ரெடிட்டின் பகுதிகள், யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய ஒரு திறந்த மூல மென்பொருளைச் சுற்றி, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் கூடும் ஆட்கள், பிறகு வேலைக்கென்றே இருக்கும் இடங்கள்.

கடைசி வகையில் எல்லோருக்கும் தெரிந்தது, ஹேக்கர் நியூஸ் என்ற தொழில்நுட்ப விவாதத் தளத்தில் ஒவ்வொரு மாதமும் முதல் வேலை நாளில் தொடங்கும் "யார் ஆள் எடுக்கிறார்கள்?" என்ற உரையாடல் இழை (த்ரெட்). அதன் விதிகளைப் படித்தாலே ஒரு நல்ல குழு எதை எதிர்பார்க்கிறது என்று புரியும். ஆள் எடுக்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்தான் பதிவிட வேண்டும், இடைத்தரகர்களுக்கு இடமில்லை. ஒரு நிறுவனத்துக்கு ஒரு பதிவு. வேலை எங்கிருந்து, தொலைவிலிருந்து செய்யலாமா என்று சொல்ல வேண்டும். விண்ணப்பிப்பவர்களுக்குப் பதில் சொல்லும் உறுதி இருந்தால் மட்டுமே பதிவிட வேண்டும். இதோடு சேர்ந்து வரும் "யாருக்கு வேலை வேண்டும்?" என்ற இழையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்கே வேலை தேடுபவர்களே தங்களைப் பற்றி எழுதுகிறார்கள். புதிய நிறுவனங்களுக்கு இந்த இரண்டாவது இழைதான் அதிகம் உதவும் என்பது என் கணிப்பு, ஏனென்றால் அங்கே பெரிய பெயர்களுக்கு நடுவில் உங்கள் பதிவு தொலைந்துபோகாது. நீங்களே தேடிப் போய்ப் பேசலாம்.

தளத்தின் அமைப்பையும் கவனியுங்கள். ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 90 நாட்களுக்கு முந்தைய செய்திகளைப் பார்க்க முடியாது. ஆகவே நல்ல பதில் கண்ணில் பட்டால் அன்றே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் 1,024 பேர் வரைதான் இருக்க முடியும், டெலிகிராமில் 2 லட்சம் வரை. எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். 300 பேர் இருந்து தினமும் பத்துக் கேள்விக்குப் பதில் வரும் குழு, லட்சம் பேர் இருந்து விளம்பரமாகவே ஓடும் குழுவைவிட உங்களுக்கு மதிப்பானது. கேள்வி கேட்டவருக்கு வேறொரு உறுப்பினர் எவ்வளவு நேரத்தில் பதில் சொல்கிறார் என்று இரண்டு நாள் பாருங்கள், குழு உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவர்கள் இருக்கும் குழுவிலேயே நின்றுவிடாதீர்கள். நெருங்கிய நண்பர்களைவிட அரைகுறையாகத் தெரிந்தவர்கள் வழியாகத்தான் பலருக்கு வேலை அமைகிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-லேயே எழுதினார். லிங்க்ட்இன் பயன்படுத்தும் சுமார் 2 கோடி பேரிடம் ஐந்து ஆண்டுகள் நடத்திய சோதனைகளின் முடிவு 2022-இல் வெளியானது. அதுவும் ஓரளவு பலவீனமான தொடர்புகளே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவின என்று காட்டியது. நண்பர்கள் வட்டத்தில் மட்டும் தேடினால் உங்களைப் போலவே யோசிப்பவர்கள்தான் வருவார்கள், அது சிறிய நிறுவனத்துக்கு நல்லதில்லை.

இன்னொரு இடம், பலரும் கண்டுகொள்ளாதது: உங்கள் சொந்தப் பயனாளர்கள் கூடும் குழு. உங்கள் பொருளைப் பயன்படுத்திக்கொண்டு, மற்றப் பயனாளர்களின் சந்தேகங்களுக்கு யாரும் கேட்காமலேயே பதில் சொல்லும் ஒருவர் அங்கே இருப்பார். வாடிக்கையாளர் உதவி, விற்பனை, ஆவணம் எழுதுதல் போன்ற வேலைகளுக்கு அவரைத் தாண்டி வெளியே தேட வேண்டியதில்லை.

மூன்று குழுக்கள் போதும். அதற்கு மேல் எடுத்தால் ஒன்றிலும் நிலைக்க மாட்டீர்கள்.

4. கேட்பதற்கு முன் கொஞ்ச காலம் அங்கே இருங்கள்

குழுவில் சேர்ந்த அன்றே "ஆட்கள் தேவை" என்று போடுபவரை யாரும் மதிப்பதில்லை. பல இடங்களில் அட்மின் நீக்கியே விடுவார். ஆள் தேவைப்படுவதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே நுழைந்துவிடுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

அந்தக் காலத்தில் என்ன செய்வது? உங்களுக்குத் தெரிந்ததில் பதில் சொல்லுங்கள். உங்கள் வேலையில் சிக்கிய உண்மையான கேள்விகளைக் கேளுங்கள். ஒரு சிக்கலைத் தீர்த்தால் எப்படித் தீர்த்தீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். இதில் உங்கள் நிறுவனம் என்ன செய்கிறது என்பது தானாகவே தெரியவரும். பின்னால் நீங்கள் ஆள் தேடும் பதிவு போடும்போது, "இவரா, இவர் நல்லா பேசுவாரே" என்று நாலு பேருக்காவது தோன்ற வேண்டும். பெயர் தெரியாத நிறுவனத்தை நம்புவதற்கு அவர்களிடம் வேறு எந்தக் காரணமும் இல்லை.

அப்புறம், குழுவின் விதிகளை முழுதாகப் படியுங்கள். வேலைப் பதிவுக்குத் தனிச் சேனல் இருக்கலாம், குறிப்பிட்ட கிழமை இருக்கலாம். ரெடிட்டில் வேலைக்கென உள்ள சில பகுதிகளில், தலைப்பின் தொடக்கத்திலேயே ஆள் தேடுகிறீர்களா வேலை தேடுகிறீர்களா என்று அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். சந்தேகம் இருந்தால் அட்மினிடம் தனியாகக் கேட்டுவிடுங்கள். அவர்கள் சம்பளமில்லாமல் குழுவை நடத்துபவர்கள். முன்கூட்டியே கேட்பவரை அவர்களுக்குப் பிடிக்கும். சில நேரம் "இன்னாரிடம் பேசிப் பாருங்கள்" என்று அவர்களே வழிகாட்டவும் செய்வார்கள்.

5. யாரைக் கவனிப்பது, எதைக் கவனிப்பது

இந்தப் படிக்குத்தான் நீங்கள் அதிக நேரம் தர வேண்டும்.

அதிகமாகப் பேசுபவரைத்தான் முதலில் கண் பிடிக்கும். அவரை ஒதுக்கிவைத்துவிட்டுக் கீழே சொல்பவற்றைத் தேடுங்கள்.

ஒருவர் அரைகுறையாகக் கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லாமல், "எந்தப் பதிப்பு? பிழைச் செய்தி என்ன வந்தது?" என்று முதலில் திருப்பிக் கேட்பவர் யார்? வாடிக்கையாளரின் குழப்பமான புகாரையும் அவர் அப்படித்தான் கையாளுவார். "இது எனக்குத் தெரியாது, ஆனால் இங்கே பாருங்கள்" என்று எழுதுபவர் யார்? மேலாளர்கள் இல்லாத நான்கு பேர் நிறுவனத்தில், தெரியாததைத் தெரியாது என்று சொல்பவர்தான் வேண்டும். தெரிந்ததுபோல் இருந்துவிட்டால் கண்டுபிடிக்க ஆள் இருக்காது.

தான் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்த பின், திரும்பி வந்து "இப்படிச் சரியானது" என்று எழுதிவைப்பவரைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் விடை கிடைத்ததும் போய்விடுவார்கள். எடுத்த வேலையை யாரும் கேட்காமலேயே முடித்துவைக்கும் பழக்கம் இந்தச் சின்ன விஷயத்தில் தெரிந்துவிடும்.

தான் சொன்னது தவறு என்று இன்னொருவர் காட்டும்போது என்ன செய்கிறார் என்று பாருங்கள். இந்த ஒன்றை மட்டும் நேர்காணலில் உங்களால் சோதிக்கவே முடியாது, எல்லோரும் அங்கே பணிவாகத்தான் இருப்பார்கள். குழுவில் பழைய உரையாடல்களைத் தேடிப் படித்தால் தெரியும்.

நிரலாளர் என்றால் கிட்ஹப்பைப் பாருங்கள், ஆனால் எந்தெந்த நாளில் வேலை செய்தார் என்று காட்டும் பச்சைக் கட்டங்களை எண்ணாதீர்கள். அவர் பதிந்த இஷ்யூக்களை (பிழை, கோரிக்கைப் பதிவுகளை) படியுங்கள், அவருடைய நிரலைப் பற்றி மற்றவர்கள் எழுதிய கருத்துகளுக்கு அவர் தந்த பதில்களைப் படியுங்கள். வடிவமைப்பாளர் என்றால் முடிந்த படத்தைவிட, மற்றவர் படத்தைப் பற்றி அவர் சொல்லும் கருத்து பயன்படும்.

எதுவும் எழுதாமல் படிப்பவர்களிலும் திறமைசாலிகள் நிறைய உண்டு. குழந்தை வளர்ப்பு, நீண்ட வேலை நேரம், மொழித் தயக்கம் என்று எழுதாமல் இருப்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். அதனால் கவனித்து எடுத்த பெயர்களோடு நிறுத்தாமல் பொதுப் பதிவும் போட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: பெயர், எதனால் பிடித்தது, அந்தப் பதிலின் லிங்க் ஆகிய மூன்றை மட்டும் குறித்துவையுங்கள். குரூப்பில் உள்ள எல்லோருடைய எண்ணையும் எடுத்து மொத்தமாகச் செய்தி அனுப்பும் வேலையைச் செய்யவே செய்யாதீர்கள். வெளியேற்றிவிடுவார்கள் என்பது ஒரு பக்கம். வேலைக்கு விண்ணப்பிப்பவர்களின் தகவல்களுக்கும் தனியுரிமைச் சட்டங்கள் பொருந்தும் என்பது இன்னொரு பக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் சட்டப்படி, தன்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் தகவலைக் காட்டச் சொல்லவும் நீக்கச் சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு.

6. தனிச்செய்தி முதலில், பொதுப் பதிவு பிறகு

குறித்துவைத்த ஐந்தாறு பேருக்கு முதலில் தனியாக எழுதுங்கள். எல்லோருக்கும் ஒரே செய்தியை அனுப்பக் கூடாது. இந்த மாதிரியில் இருந்தால் சரி:

"வணக்கம். பணப் பரிமாற்றம் பாதியில் நின்றால் என்ன செய்வது என்று போன வாரம் நீங்கள் எழுதிய பதிலைப் படித்தேன். அதே கோரிக்கை இரண்டு முறை வந்தால் சமாளிக்க நீங்கள் சொன்ன முறை எங்களுக்கும் தேவைப்படுகிறது. நாங்கள் சிறு வணிகர்களுக்கான பில்லிங் மென்பொருள் செய்கிறோம், இப்போது இரண்டு பேர் இருக்கிறோம். முதல் பேக்எண்ட் இன்ஜினியரைத் தேடுகிறோம். வேலை விவரமும் சம்பள வரம்பும் இந்த லிங்கில் இருக்கின்றன. விருப்பம் இருந்தால் 20 நிமிடம் பேசலாம். இல்லையென்றால் பதில் எழுத வேண்டியதில்லை."

கடைசி வரி முக்கியம். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரு முறை மட்டும் நினைவூட்டலாம். அதற்கு மேல் தொல்லை.

ஒரு வாரத்துக்குப் பின் பொதுப் பதிவு. அமேசானைத் தொடங்கிய ஜெஃப் பெசோஸ் 1994 ஆகஸ்டில் யூஸ்நெட் என்ற அந்தக் கால இணைய உரையாடல் குழுக்களில் ஆள் தேடிப் போட்ட பதிவு இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அமேசான் என்ற பெயர்கூட அப்போது வைக்கப்படவில்லை. எந்த நிரல்மொழி, எந்த இயங்குதளம், எது தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வேலை எந்த ஊரில், பங்கு உண்டு, ரெஸ்யூமேயை எங்கே அனுப்புவது என்று எல்லாம் சில பத்திகளில் அடங்கிவிட்டது. அதில் இல்லாதது சம்பளம் மட்டும்தான். நீங்கள் அதையும் சேர்த்துவிடுங்கள்.

உங்கள் பதிவின் முதல் வரியில் வேலையின் பெயர், முழுநேரமா, எங்கிருந்து, சம்பள வரம்பு ஆகியவை வந்துவிட வேண்டும், ஏனென்றால் கைப்பேசியில் பலர் அதை மட்டும்தான் பார்ப்பார்கள். அடுத்து நிறுவனம் யாருக்கு என்ன செய்கிறது என்று இரண்டு வாக்கியம். அடுத்து முதல் 90 நாள் வேலை. அடுத்து எத்தனை கட்டத் தேர்வு, எத்தனை நாளில் முடிவு. கடைசியில் உங்கள் பெயரும் நிறுவன டொமைனில் உள்ள மின்னஞ்சலும். போலி வேலை விளம்பரங்களில் ஏமாந்தவர்கள் நிறையப் பேர் இருப்பதால், இலவச மின்னஞ்சல் முகவரியும் பெயரில்லாத கணக்கும் பார்த்தவுடன் விலகிவிடுவார்கள். "தேர்வுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், முன்பணம் எதுவும் கிடையாது" என்று ஒரு வரி எழுதினால் நல்லது.

"திறமைக்கேற்ற சம்பளம்" என்று எழுதாதீர்கள். "எங்கள் குடும்பத்தில் ஒருவராக" என்றும் எழுதாதீர்கள். இரண்டையும் பார்த்தால் அனுபவசாலிகள் கடந்து போய்விடுவார்கள்.

பதிவிட்ட அன்றும் மறுநாளும் நீங்கள் ஓய்வாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கீழே வரும் கேள்விகளுக்கு எல்லோரும் பார்க்கும்படி உடனுக்குடன் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில்களைப் படித்துவிட்டுத்தான் பலர் விண்ணப்பிப்பார்கள்.

7. வந்தவர்களோடு பேசுங்கள்

எல்லா விண்ணப்பங்களையும் ஒரே ஸ்ப்ரெட்ஷீட்டில் போடுங்கள், எந்தக் குழுவிலிருந்து வந்தார் என்ற நெடுவரிசையும் இருக்கட்டும். அடுத்த முறை எங்கே நேரம் செலவிடுவது என்று அது சொல்லும்.

முதல் பேச்சு 20 நிமிடம். இரண்டாவது ஒரு மணி நேரம், எல்லோரிடமும் அதே ஐந்து கேள்விகளை அதே வரிசையில் கேளுங்கள், கேட்டவுடன் மதிப்பெண் போடுங்கள். இது இயந்திரத்தனமாகத் தோன்றலாம். ஆனால் ஆள் தேர்வு முறைகளைப் பற்றிய நெடுநாளைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2022-ஆம் ஆண்டுக் கட்டுரையில், வேலைத் திறனை முன்கூட்டியே கணிப்பதில் இப்படி வரையறுத்த நேர்காணல்தான் முதலிடத்தில் வந்தது. எத்தனை ஆண்டு அனுபவம் என்பது மிகக் கீழே போய்விட்டது. குழுவில் ஏற்கெனவே பிடித்துப்போனவரிடம் நாம் கேள்வியைக் கேட்காமல் அரட்டை அடித்துவிட்டு வந்துவிடுவோம்; அதனால் இந்த ஒழுங்கு இன்னும் தேவை.

வீடியோவில் பேசுங்கள். குழுவில் எழுதுபவரும் திரையில் வருபவரும் ஒருவர்தானா என்று உறுதிசெய்ய, அவருடைய குழுக் கணக்கிலிருந்தே ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். அவர் எழுதிய பழைய பதில் ஒன்றை எடுத்து விளக்கச் சொன்னால் இன்னும் நல்லது. தொலைவிலிருந்து வேலை செய்யும் ஆட்களில் ஆள்மாறாட்டம் உண்மையாகவே நடக்கிறது.

8. சோதனை வேலை, ஆனால் கூலியோடு

10 முதல் 20 மணி நேரத்தில் முடியும் ஒரு வேலையைக் கொடுங்கள். கூலி கட்டாயம். இலவசமாக வேலை வாங்கும் நிறுவனம் என்ற பேச்சு ஒரு குழுவில் பரவ ஒரு மாலைப்பொழுது போதும். அந்தக் குழுவில் அதன்பின் உங்களுக்கு ஆள் கிடைக்காது.

தொடங்குவதற்கு முன் ஒரு பக்க ஒப்பந்தம் வேண்டும்: வேலை என்ன, கூலி எவ்வளவு, எந்தத் தேதியில் தரப்படும், செய்து தருவதன் உரிமை யாருக்கு, ரகசியம் காப்பது. பல நாடுகளில், எழுத்தில் மாற்றித் தராவிட்டால் ஃப்ரீலான்சர் எழுதிய நிரலின் பதிப்புரிமை அவரிடமே இருக்கும். பணம் கொடுத்துவிட்டால் நம்முடையது என்று நினைத்துவிட்டு, பின்னால் முதலீட்டாளர் ஆவணங்களைக் கேட்கும்போது பழைய ஆளைத் தேடி அலைவதைத் தவிர்க்கலாம்.

உண்மையான வாடிக்கையாளர் தரவைத் தொடவிடாதீர்கள். போலித் தரவோடு தனி ரெப்போ (நிரல் சேமிப்பிடம்) கொடுங்கள்.

இப்போது வேறு இடத்தில் வேலை பார்ப்பவருக்கு வெளிவேலை செய்யத் தடை இருக்கலாம். முதலிலேயே கேளுங்கள். தடை இருந்தால் வற்புறுத்த வேண்டாம். அவர் பொதுவெளியில் செய்த பழைய வேலை ஒன்றை எடுத்து, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து வரிவரியாகப் பேசினால் போதுமான அளவு தெரிந்துவிடும்.

9. சம்பளமும் பங்கும்

பங்கை ஆப்ஷனாக, அதாவது குறித்த விலையில் பின்னால் வாங்கிக்கொள்ளும் உரிமையாகத் தருவதாக இருந்தால் சதவீதத்தை மட்டும் சொல்வதும் தவறு, எண்ணிக்கையை மட்டும் சொல்வதும் தவறு. மொத்தப் பங்குகள் எத்தனை, அதில் இவருக்கு எத்தனை, வாங்கும் விலை என்ன, எப்போது கைக்கு வரும், வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் வாங்க வேண்டும் ஆகிய ஐந்தையும் எழுத்தில் கொடுங்கள்.

வழக்கமான ஏற்பாடு நான்கு ஆண்டு வெஸ்டிங் (உரிமை கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வருவது), முதல் ஆண்டு கிளிஃப் (அது முடியும்வரை எதுவும் வராது). உதாரணமாக, மொத்தம் 1 கோடி பங்குகளில் 1 சதவீதம் என்றால் 1 லட்சம் ஆப்ஷன். முதல் 12 மாதத்துக்குள் விலகினால் ஒன்றுமில்லை. 12-ஆம் மாதம் முடிந்ததும் 25,000. அதன்பின் மாதம் சுமார் 2,083 வீதம் 48-ஆம் மாதம் வரை. புதிய முதலீடு வரும்போது இந்த 1 சதவீதம் குறையும் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள், பின்னால் அவரே கண்டுபிடிக்கும்படி விடாதீர்கள். வேலையை விட்டபின் ஆப்ஷனை வாங்க 90 நாள் என்பது பல நிறுவனங்களில் வழக்கம். அதை நீட்டித்துத் தர முடிந்தால் தாருங்கள், கையில் பணமில்லாதவருக்குப் பெரிய உதவி. வரி எப்போது விழும் என்பது நாட்டுக்கு நாடு மாறும், அவரையும் ஒரு கணக்காளரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

பெரிய பொறி ஒன்று இங்கே இருக்கிறது. குழுவில் பழகிய நட்பில், சாட்டிலேயே "உனக்கு 2 பர்சென்ட் தரேன்" என்று சொல்லிவிட்டு அதைக் காகிதத்தில் ஏற்றாமல் விடுவது. இரண்டு ஆண்டு கழித்து இருவர் நினைவிலும் அது வேறுவேறாக இருக்கும். இயக்குநர் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்த எண்ணையும் வாயால் சொல்லாதீர்கள்.

10. ஆவணங்கள்

கையெழுத்துக்குப் போவதற்கு முன் தயாராக இருக்க வேண்டியவை:

- ஆஃபர் லெட்டர்: பதவி, சம்பளம், சேரும் தேதி, தகுதிகாண் காலம், எந்தத் தேதிவரை இது செல்லும்.
- வேலை ஒப்பந்தம்: வேலை நேரம், விடுப்பு, நோட்டீஸ் காலம், விலகும் நடைமுறை.
- அறிவுசார் சொத்துரிமையை நிறுவனத்துக்கு மாற்றும் பத்திரமும் ரகசியக் காப்பு உறுதியும். அவர் ஏற்கெனவே செய்துவரும் சொந்தத் திட்டங்களைப் பட்டியலிட்டு இதிலிருந்து விலக்கிவிடுங்கள். குழுக்களில் கிடைப்பவர்களுக்குத் திறந்த மூலத் திட்டங்கள் இருப்பது சகஜம், அதை முடக்கும் ஒப்பந்தத்தில் அவர்கள் கையெழுத்துப் போட மாட்டார்கள்.
- ஆப்ஷன் வழங்கும் கடிதமும் இயக்குநர் குழுத் தீர்மானமும்.
- அவரிடமிருந்து: அடையாளச் சான்று, அந்த நாட்டில் வேலை செய்யும் உரிமைக்கான சான்று, வரி எண், வங்கி விவரம், முந்தைய ஒப்பந்தத்தில் போட்டி நிறுவனத்தில் சேரத் தடை ஏதும் இல்லை என்ற எழுத்து.

வேறு நாட்டில் இருப்பவரை எடுக்கிறீர்கள் என்றால் ஒன்றை நன்றாக யோசியுங்கள். ஒப்பந்ததாரர் என்று பெயர் வைத்துவிட்டு, முழுநேரமும் உங்கள் கட்டளைப்படி, உங்களுக்கு மட்டும் வேலை வாங்கினால், பல நாடுகளின் சட்டம் அவரை ஊழியர் என்றே பார்க்கும். நிலுவை வரியும் அபராதமும் உங்கள் தலையில் விழும். அங்கே சட்டப்படி முதலாளியாக இருந்து சம்பளம் போட்டுத் தரும் சேவை நிறுவனங்கள் உண்டு. ஆளுக்கு மாதக் கட்டணம் வாங்குவார்கள். அந்தக் கட்டணத்தை இரண்டாவது படியின் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

11. மொத்தம் எவ்வளவு காலம்?

குழுவில் பழக இரண்டு மூன்று மாதம். தனிச்செய்திக்கு ஒரு வாரம். பொதுப் பதிவுக்குப் பின் இரண்டு வாரம் பேச்சு, ஒரு வாரம் சோதனை வேலை, அதைப் பார்த்து முடிவெடுக்க இரண்டு நாள். ஒப்பந்தத்தைப் படிக்க அவருக்கு ஒரு வாரம் கொடுங்கள். 24 மணி நேரத்தில் கையெழுத்துக் கேட்டால் நல்லவர்கள் சந்தேகப்படுவார்கள். அதன்பின் அவருடைய நோட்டீஸ் காலம், அது இரண்டு வாரமாகவும் இருக்கலாம், மூன்று மாதமாகவும் இருக்கலாம். ஆக, பதிவு போட்ட நாளிலிருந்து ஆள் வந்து உட்கார இரண்டு முதல் ஐந்து மாதம் என்று வைத்துத் திட்டமிடுங்கள். முதலீட்டாளரிடம் சொல்லும் தேதிகளிலும் இதையே போடுங்கள்.

12. பதிவை மூடுங்கள்

ஆள் கிடைத்ததும் எல்லாக் குழுக்களிலும் அதே பதிவைத் திருத்தி "இடம் நிரம்பிவிட்டது" என்று போடுங்கள். தேர்வாகாத ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி பதில் அனுப்புங்கள். சோதனை வேலை செய்தவர்களுக்கு, எது நன்றாக இருந்தது, எது போதவில்லை என்று ஒரு பத்தி எழுதுங்கள், கூலியை அதே வாரம் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது இடத்தில் வந்தவரிடம், அடுத்த இடம் திறந்தால் சொல்லலாமா என்று கேட்டு, சரி என்றால் மட்டும் அவர் விவரத்தை வைத்துக்கொண்டு மற்றவர்களுடைய ரெஸ்யூமேக்களை நீக்கிவிடுங்கள். யாராவது அறிமுகம் செய்துவைத்து ஆள் வந்திருந்தால், பரிந்துரைத் தொகை தருவதாகச் சொல்லியிருந்தால், ஆள் 90 நாள் முடித்ததும் அந்தத் தொகையைக் கொடுக்க இன்றே காலண்டரில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.